ஓரிடத்தில் இரு பொருள்: களியாட்டப் பூங்கா விளையாட்டும் கட்டட விதியும் பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

வடிவும் எல்லையுமுடைய இரு பொருள்கள் ஒரே வேளையில் ஒரே இடத்தில் இருத்தல் ஒவ்வாது என்பது தருக்க நூலார் கொண்ட முடிபு. இவ்வாறு அளவுபட்ட பொருளை அவர்கள் மூர்த்தம் எனக் குறிப்பர். ஒரு கல் கிடக்கும் இடத்தில் மற்றொரு கல்லை வைக்க முனைந்தால் முன்னையது விலகும். அல்லது பின்னையது அதன்மேல் ஏறி நிற்கும். இதற்கு எவருடைய ஆணையும் வேண்டியதில்லை. கணினித் திரையில் தோன்றும் கல்லின் நிலை வேறு. அது எண்களின் தொகுதி. இரு எண்தொகுதிகள் ஒரே இடத்தைச் சுட்டி நிற்பதை இயற்கை தடுப்பதில்லை. செய்நிரலை எழுதியவர் தடுத்தால் மட்டுமே அது தடைப்படும்.

இதனைத் தெளிவுறக் காட்டும் உதாரணம் களியாட்டப் பூங்கா அமைக்கும் கணினி விளையாட்டுகளுள் பெயர்பெற்ற 'றோலர் கோஸ்டர் டைக்கூன்' ஆகும். அதில் பொருள்மேற் பொருள் படிவதைத் தடுத்த விதியை, ட்ரெயினர் எனப்படும் துணைச் செய்நிரலின் உதவியுடன் விளையாடுவோர் நீக்கினர். அதனை எவ்வாறு நீக்கினர், நீக்கியபின் நிகழ்ந்தது யாது, அதனின்றும் நாம் அறியத்தக்கது யாது என்பவற்றை விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது. விளையாட்டைப் பற்றிய செய்தி ஆய்வேட்டுக்கு உரியதன்று எனச் சிலர் கருதுதல் கூடும். ஆயின் ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே எவ்வளவு வெளி விடப்படல் வேண்டும் என்பது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோருக்கு அன்றாட வினா. அவ்வினாவை அணுகுவதற்கு இவ்விளையாட்டு நல்லதொரு வாயிலாக அமைகின்றது.

2. விளையாட்டின் தோற்றம்

'றோலர் கோஸ்டர் டைக்கூன்' 1999 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சோயர். போக்குவரத்து நிறுவனமொன்றை நடத்தும் 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' என்னும் விளையாட்டை 1994 இல் வெளியிட்டு அவர் முன்னரே அறிமுகமானவர். களியாட்டப் பூங்கா விளையாட்டின் ஓவியங்களைச் சைமன் பொஸ்டர் வரைந்தார். செய்நிரலின் மிகப் பெரும்பகுதியைச் சோயர் தனியொருவராக ஒருங்குசேர்ப்பு மொழியில் எழுதினார். இம்மொழியின் ஒவ்வொரு வரியும் ஏறத்தாழ இயந்திரக் கட்டளை ஒன்றுக்கு ஈடானது. எழுதுவது கடினம், ஓடுவது விரைவு. பூங்காவில் உலவும் ஆயிரக்கணக்கான விருந்தினர் ஒவ்வொருவரின் பசி, தாகம், பணம், மனநிலை என்பவற்றைத் தனித்தனியே கணிக்க அக்காலத்துச் சாதாரண கணினிக்கு அவ்விரைவு தேவைப்பட்டது. இரண்டாம் பாகம் 2002 இல் வெளிவந்தது. நாம் இங்கு எடுத்தாளும் விபரங்கள் பெரும்பாலும் அவ்விரண்டாம் பாகத்துக்கு உரியவை.

விளையாடுபவர் வெற்று நிலமொன்றைப் பெற்று, அதில் நடைபாதை அமைத்து, மரம் நட்டு, சுவர் எழுப்பி, மேலேறிக் கீழ்ப்பாயும் தண்டவாளங்களை இடுகின்றார். ஒவ்வொரு சவாரியையும் திறப்பதற்கு முன் சோதனையோட்டம் விடலாம். வேகம், உயரம், உடல்மீது விழும் விசை ஆகியவற்றைக் கணித்துக் கிளர்ச்சி, தீவிரம், குமட்டல் என்னும் மூன்று மதிப்பீடுகளை விளையாட்டு வழங்குகின்றது. ஒரு தண்டவாளம் மற்றொன்றை அல்லது நடைபாதையை அண்மித்துச் செல்லுமாயின் கிளர்ச்சி மதிப்பீடு உயரும். ஆகவே நெருக்கத்துக்கு விளையாட்டே பரிசளிக்கின்றது. அந்நெருக்கம் ஒன்றன்மேலொன்று படியும் எல்லையைத் தொட்டதும் அதே விளையாட்டு மறுத்துவிடுகின்றது. விளையாடுவோர் அத்தடையைக் கடக்க விழைந்தமைக்கு இம்முரண்பாடும் ஒரு காரணம் எனலாம்.

3. இடம் பதியப்படும் முறை

பூங்கா நிலம் சதுரங்கப் பலகையைப் போன்று சதுரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் நிலமேற்பரப்பு முதலில் இடம்பெறும். அதன்பின் நடைபாதை, தண்டவாளத் துண்டு, மரம், சுவர் என அங்குள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு இடம்பெறும். ஒரு பதிவின் அளவு 8 பைற்று மட்டுமே. பொருளின் வகை, அதன் அடி உயரம், முடி உயரம், சில குறிகள் ஆகியன அதனுள் அடங்கும்.

ஒவ்வொரு சதுரமும் மீண்டும் நான்கு காற்சதுரங்களாகப் பிரிக்கப்படும். அவற்றுக்கு 1, 2, 4, 8 என்னும் துவித மதிப்புகளைக் கொடுத்தால், பொருளொன்று எக்காற்பகுதிகளை அடைத்துள்ளது என்பதை ஒரே எண்ணாற் கூறிவிடலாம். சிறு செடி ஒன்று முதற் காற்பகுதியில் மட்டும் நிற்குமாயின் அதன் எண் 1. மூன்றாம் காற்பகுதியில் நிற்கும் செடியின் எண் 4. சதுரம் முழுவதையும் அடைக்கும் பொருளின் எண் 15.

புதிய பொருளை வைக்க முனையும்போது விளையாட்டு இரு வினாக்களை எழுப்புகின்றது. முதலாவது, உயரம் மோதுகின்றதா என்பது. நடைபாதை ஒன்றின் அடி 14, முடி 18 எனவும், புதிய தண்டவாளத்தின் அடி 16, முடி 22 எனவும் கொள்வோம். 16 என்பது 18 இற்குக் கீழ். 14 என்பது 22 இற்குக் கீழ். இவ்விரு நிபந்தனைகளும் ஒருங்கே உண்மையாவதால் உயரங்கள் மோதுகின்றன. தண்டவாளத்தின் அடியை 18 இற்கு உயர்த்தினால் மோதல் நீங்கி, அது நடைபாதைக்கு மேலாகச் செல்லும். இரண்டாவது, காற்பகுதிகள் மோதுகின்றனவா என்பது. 1 ஐயும் 4 ஐயும் துவித முறையில் ஒப்பிட்டால் பொதுவான பிற்று எதுவும் இல்லை. ஆகவே இரு செடிகளும் ஒரே சதுரத்தில் நிற்கலாம். 15 ஐயும் 4 ஐயும் ஒப்பிட்டால் பொதுப் பிற்று உண்டு. ஆகவே நிற்க முடியாது. இரு வினாக்களுக்கும் விடை 'ஆம்' என்றால், மரமோ நடைபாதையோ குறுக்கே நிற்கின்றது என்னும் அறிவித்தல் திரையில் தோன்றும், பொருள் வைக்கப்படமாட்டாது.

இவ்விதிக்கு ஆக்கியோரே விலக்குகளும் அமைத்துள்ளனர். சிறு புகையிரதப் பாதை நடைபாதையைச் சமதளத்திற் குறுக்கறுத்துச் செல்ல இரண்டாம் பாகம் இடமளிக்கின்றது. தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கு இறங்கிப் பழகிய வெள்ளவத்தை மக்களுக்கு இது புதுமையன்று. சுவர் சதுரத்தின் ஓரத்துக்கு உரியதாகக் கொள்ளப்படுகின்றது. அடுத்தடுத்த இரு சதுரங்களும் ஒரே எல்லைக்கோட்டில் தத்தமக்கெனத் தனித்தனிச் சுவர் எழுப்பலாம். கொட்டாஞ்சேனையின் பழைய வரிசை வீடுகளில் ஒரே சுவர் இரு குடும்பத்துக்குப் பொதுவாக நிற்பதைப் போன்ற ஏற்பாடு அவ்வுலகில் இல்லை. எது மோதல், எது மோதலன்று என்பது இவ்வாறு ஆக்கியோரின் தீர்மானத்தில் தங்கியுள்ளது.

4. ட்ரெயினர் செய்யும் வேலை

ட்ரெயினர் என்பது பயிற்றுவிப்பது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். 1980 களில் வீட்டுக் கணினிகள் பரவிய காலத்தில் இச்சொல் இப்பொருளில் வழக்கிற்கு வந்தது. கடினமான விளையாட்டொன்றில் உயிர்கள் குறையாதவாறு நினைவகத்தின் ஓர் எண்ணை மாற்றிவிட்டு, அச்சமின்றிப் பயிலலாம் என்பதே அதன் தொடக்கக் கருத்து. எந்த முகவரியில் எந்த எண்ணை இட்டால் என்ன விளையும் என்பதை அக்காலத்துக் கணினிச் சஞ்சிகைகள் பட்டியலிட்டு வெளியிட்டன. பிற்காலத்தில் அவ்வேலையைத் தானாகவே செய்யும் சிறு செய்நிரல்களுக்கு அப்பெயர் நிலைத்தது.

ட்ரெயினர் விளையாட்டின் கோப்பைத் திருத்துவதில்லை. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் அதன் நினைவகப் பகுதியைத் திறந்து, குறித்த இடத்திற் சில பைற்றுகளை மாற்றுகின்றது. இதன் நுட்பத்தை விளங்கிக்கொள்ள இயந்திரக் கட்டளைகள் சிலவற்றை அறிதல் வேண்டும். இன்ரெல் வகைச் செயலிகளில் 116 என்னும் எண் 'முன்னைய ஒப்பீட்டில் இரண்டும் சமமாயின் தாவு' எனப் பொருள்படும். 117 'சமமல்லவாயின் தாவு' என்பது. 235 'எவ்வாறாயினும் தாவு' என்பது. 144 'ஒன்றும் செய்யாதே' என்பது. தடுப்பு விதி எத்துணை விரிவானதாயினும் இறுதியில் 'மோதல் உண்டாயின் மறுப்புக்குத் தாவு. இன்றேல் தொடர்' என்னும் கிளைப்புள்ளியில் வந்து முடிகின்றது. அப்புள்ளியில் நிற்கும் எண்ணை 235 ஆகவோ, 144 களாகவோ மாற்றிவிட்டால் வினா எழுப்பப்படும். விடையை எவரும் பொருட்படுத்தார். நூறாயிரக்கணக்கான பைற்றுகளிடையே அக்கிளைப்புள்ளி எதுவெனக் கண்டறிவதே உழைப்பும் அறிவும் வேண்டும் பகுதி. மூலநிரல் வெளியிடப்படாத நிலையில் அதனை இயந்திர எண்களிலிருந்து பின்னோக்கிப் படித்தே அறிய வேண்டியிருந்தது.

'றோலர் கோஸ்டர் டைக்கூன்' விளையாடுவோரிடையே பெரிதும் பயன்பட்ட ட்ரெயினர் 'எய்ட் கார்ஸ்' எனப் பெயர்பெற்றது. பொருள்களிடையே விடப்பட வேண்டிய வெளியைச் சுழியமாக்கும் வசதி அதில் இருந்தது. அதனை இயக்கிய பின்னர் மரத்தினூடாகத் தண்டவாளமும், பாறையினுள்ளே மாளிகையும், ஒரு கூரையின்மேற் படிந்த வேறொரு கூரையும் அமைக்கலாயிற்று.

5. தடை நீங்கியபின் நிகழ்வன

இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மோதற் சரிபார்ப்பு பொருளை வைக்கும் கணத்தில் மட்டுமே நிகழ்கின்றது. வைத்து முடிந்தபின் அப்பொருள் அங்கு நிற்கலாமா என விளையாட்டு மீண்டும் வினவுவதில்லை. ஒன்றன்மேலொன்று படிந்த பூங்காவைச் சேமித்து, ட்ரெயினர் இல்லாத கணினியில் திறந்தாலும் அது அப்படியே நிற்கும். அவற்றுள் ஒன்றை அகற்றிவிட்டு மீண்டும் அங்கேயே வைக்க முனைந்தால் மட்டும் தடை தலைகாட்டும். சோதனையோட்டமும் வேகத்தையும் விசையையும் அளக்குமேயன்றி, தண்டவாளம் சுவரை ஊடுருவுகின்றதா எனப் பார்ப்பதில்லை. வண்டி தன் தண்டவாளப் பதிவுகளை மட்டும் பின்தொடரும். எதிரே மரம் இருப்பினும், வேறொரு சவாரியின் வண்டி அவ்விடத்திலேயே வந்தாலும் ஊடுருவிச் சென்றுவிடும். விருந்தினரும் நடைபாதைப் பதிவை நோக்கியே நடப்பர். பாறை அவர்களைத் தடுப்பதில்லை.

ஆயினும் சில இடர்கள் உண்டு. இவ்விளையாட்டின் காட்சி ஓவியத் துண்டுகளைப் பின்னிருந்து முன்னாக அடுக்கி வரையப்படுகின்றது. எது முன்னே, எது பின்னே என்னும் தீர்மானம் பொருள்கள் தனித்தனி இடத்தில் நிற்கும் என்னும் எடுகோளின்மீது அமைந்தது. இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும்போது பின்னிருக்க வேண்டியது முன்வருதலும், பகுதி மறைதலும் நேரும். ஒரே சதுரத்தில் ஒரே உயரத்தில் இரு தண்டவாளங்கள் படிந்தால் வண்டி எப்பதிவைத் தேர்வது எனத் தடுமாறுதல் கூடும். அனுபவமுள்ளோர் இத்தடுமாற்றத்தையே கருவியாக்கி, ஒரு தண்டவாளத்தில் ஓடும் வண்டியை மற்றொன்றுக்கு மாற்றவும் பழகினர். சிறு சிறு பொருள்களை ஒன்றன்மேலொன்றாகப் படியவைத்து, விளையாட்டில் இல்லாத புதிய கட்டட வடிவங்களைத் தோற்றுவித்தனர். பூங்கா அமைத்தல் ஒரு கலையாக வளர்ந்ததில் இத்தடைநீக்கத்துக்குப் பங்குண்டு.

6. மூடிய நிரலிலிருந்து திறந்த நிரலுக்கு

ட்ரெயினர் ஒருவகையில் இருட்டில் துழாவும் முயற்சி. பைற்று இருக்கும் முகவரி பதிப்புக்குப் பதிப்பு மாறினால் அது பயன்படாது போகும். இந்நிலையை மாற்றிய முயற்சி 2014 இல் தொடங்கிய 'ஓப்பின் ஆர்சிடி 2' என்னும் திட்டமாகும். விளையாட்டின் இயந்திர நிரலைப் பகுதி பகுதியாகப் பின்னோக்கிப் படித்து, எளிதில் வாசிக்கத்தக்க உயர்மொழியில் மீளவெழுதி, எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். மூல விளையாட்டின் ஓவியங்களும் ஒலிகளும் அதனுடன் வழங்கப்படுவதில்லை. அவற்றை விளையாடுபவரே உரியவாறு பெற்றிருத்தல் வேண்டும். பல நாட்டுத் தன்னார்வலரின் கூட்டுழைப்பில் அது வளர்ந்தது.

அத்திட்டத்தில் இடத்தடை நீக்கம் களவாக நுழைக்கப்படும் ஒன்றன்று. பட்டியலில் உள்ள ஒரு தெரிவு. தாங்குதூண்களின் உயர எல்லையை நீக்குவது வேறொரு தெரிவாக உள்ளது. மோதல் விதியும் தாங்குதல் விதியும் வெவ்வேறு என்பது அங்கே கண்கூடு. இந்தச் சரிபார்ப்பு எவ்வரியில் எழுதப்பட்டுள்ளது, எவ்விலக்குகள் உள்ளன என்பதைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வாசித்தறியலாம். அதனை மாற்றுதல் நன்றா என வாதிடவும் செய்யலாம். நுகர்வோராக மட்டும் வைக்கப்பட்டிருந்தவர் விதியின் வாசகராகவும் திருத்துநராகவும் உயர்ந்தமை இவ்வரலாற்றின் முக்கிய விளைவு என்பது எமது கருத்து.

7. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

இவ்விளக்கத்தை நாம் வாழும் நகரத்தின்மீது வைத்து நோக்குவோம். 1983 யூலை வன்செயல்களில் கொழும்பிற் பல தமிழர் வீடுகள் எரியூட்டப்பட்டன. பின்னர் போரினால் வடக்கு, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் வெள்ளவத்தையை நாடினர். காலி வீதிக்கும் கடலுக்குமிடையேயுள்ள ஒழுங்கைகளில் தனிவீடும் முற்றமும் மாமரமும் இருந்த காணிகளிலே தொடர்மாடிகள் எழுந்தன. காணியின் பரப்பு மாறவில்லை. குடும்பங்களின் தொகை பெருகியது. கொட்டாஞ்சேனையில் நெருக்கம் அதனினும் பழையது. துறைமுகத்தை அண்டிய உழைப்பாளர் குடியிருப்புகளாகவும் வரிசை வீடுகளாகவும் அது வளர்ந்தது. இரு பகுதிகளிலும் நெருக்கம் மக்களின் விருப்பத்தாற் பிறந்ததன்று. பாதுகாப்பும் தொழிலும் உறவும் ஓரிடத்தில் மட்டும் கிடைத்தமையால் விளைந்தது.

இந்நகரில் வெளிவிடும் விதி நூறாண்டுக்கு மேற்பட்டது. 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவதைத் தடுத்தது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. 1915 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் கருதத்தக்க ஏற்பாடு ஒன்றுண்டு. வரைபடத்துக்கு அனுமதி பெறுவது முதற்படி. கட்டி முடிந்தபின், அனுமதித்தவாறே கட்டப்பட்டுள்ளது என்னும் இணக்கச் சான்றிதழைப் பெறுவது இரண்டாம் படி. அதனைப் பெறாமற் குடிபுகல் ஆகாது. விளையாட்டில் இல்லாதது இவ்விரண்டாம் படியே. அங்கு வாயிலில் நிற்கும் காவலன் மட்டும் உண்டு. உள்ளே சென்று பார்ப்பவர் எவருமில்லை. அதனாலேயே காவலனின் கண்ணை ஒருமுறை கட்டிவிட்டால் எல்லாம் நிலைபெற்றுவிடுகின்றது. நகரத்திலும் இரண்டாம் படி பெயரளவில் நின்றுவிடுமாயின், செல்வாக்கோ பணமோ ட்ரெயினரின் வேலையைச் செய்யும். கோப்பில் ஓர் எண் மாறும். அதன்பின் எவரும் வினவார்.

ஒப்புமை இவ்விடத்தோடு முடிகின்றது. விளையாட்டில் ஊடுருவும் வண்டியால் எவர்க்கும் காயமில்லை. விதியை நீக்குபவரும் அதன் பயனை நுகர்பவரும் ஒருவரே, பூங்காவும் அவருடையதே. ஒழுங்கையிலோ பக்கவெளியை விழுங்கிக் கட்டுபவர்க்கு இலாபம். அடுத்த வீட்டின் சமையலறையில் நண்பகலிலும் மின்விளக்கு. தீ பரவினால் தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை. மழைநீருக்கு வடிய மண்ணில்லை. வரைபடத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும் ஒளியும் காற்றும் எடையும் தம் விதிப்படியே இயங்கும். 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில் பலமாடிக் கட்டடம் ஒன்று இடிந்து வீழ்ந்து உயிர்கள் பலியாயின. அந்நிகழ்வின் காரணங்களைத் தீர்மானித்தல் இக்கட்டுரையின் பொருளன்று. பாரத்தைச் சுமக்கும் தூணுக்கு 'ஒன்றும் செய்யாதே' என்னும் கட்டளை இல்லை என்பதை நினைவுறுத்த அது போதும்.

எனினும் விதி என்றதுமே அது மக்கள் நன்மைக்கானது எனத் தலைவணங்குதலும் முறையன்று. கட்டட விதிகளுள் ஒளி, காற்று, தீ, பாரம் ஆகிய இயற்கைத் தேவைகளினின்றும் பிறந்தவை உண்டு. காணியின் மிகக்குறைந்த பரப்பு, வீதியின் தோற்றம், வசதி படைத்தோரின் வாழ்க்கைமுறை ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு பிறந்தவையும் உண்டு. பின்னையவை குறைந்த வருவாயினரின் சிறு குடியிருப்பைச் சட்டவிரோதமாக்குவதற்கே உதவுதல் கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. மோதல் விதியையும் தாங்குதல் விதியையும் தனித்தனித் தெரிவாகக் காட்டும் திறந்த செய்நிரல் அப்பிரிப்புக்கு ஒரு முன்மாதிரி.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று: கணினி உலகில் பொருள்களின் மோதல் இயற்கையன்று, ஒருவர் எழுதிய விதி. இரண்டு: வைக்கும் கணத்தில் மட்டும் வினவும் விதி ஒரு பைற்று மாற்றத்தால் செயலிழக்கும், வைத்தபின்னும் வினவும் ஏற்பாடு இருந்தாலன்றி அதற்கு வலிமையில்லை. மூன்று: எவ்விதி இயற்கையின் தேவை, எவ்விதி ஒருவரின் தீர்மானம் என்பதை அறியும் உரிமை விதிக்குக் கீழ் வாழ்வோர்க்கு உண்டு, விதி வாசிக்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே அவ்வுரிமை பொருளுடையதாகும்.

விளையாட்டின் வாசகர்கள் பல்லாண்டுகள் உழைத்து அதன் விதிகளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தனர். நகர விதிகளை வாசிப்பதற்கு அத்துணை உழைப்பு வேண்டியதில்லை. அவை அச்சிடப்பட்ட சட்டங்கள். ஒரு காணியில் எழவிருக்கும் கட்டடத்தின் அனுமதியும், பக்கவெளியும், இணக்கச் சான்றிதழும் அயலவர் அறியுமாறு தமிழிலும் சிங்களத்திலும் அவ்வொழுங்கையிலேயே காட்சிக்கு வைக்கப்படல் வேண்டும் என நாம் கருதுகின்றோம். கட்டடக்கலை, சட்டம், கணினி ஆகிய துறைகளைப் பயிலும் எமது மாணவர் ஒருங்கிணைந்து வெள்ளவத்தையின் ஓர் ஒழுங்கையையேனும் அளந்து, அனுமதிக்கப்பட்ட வெளிக்கும் உள்ள வெளிக்குமிடையேயான வேறுபாட்டைப் பதிவு செய்வாராயின், அது இத்துறையில் பயன்மிக்க முதலாய்வாக அமையும்.